நடை பழகும் முதியோரும் அவர்கள் விழுங்கும் குளிசைகளும்

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவர், கிணற்றடியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர், முழங்கால் தேய்ந்து எழும்ப முடியாமல் இருப்பவர் என்று யாராவது ஒரு முதியவர் எமது பகுதியில் பல வீடுகளில் இருக்கின்றார். இவர்களில் பலருக்கு வைத்தியசாலையில் இயன்மருத்துவம் செய்யப்படுகின்றது. ‘பிசியோ’ என்று நாம் பேச்சில் சொல்வது இதைத்தான். கையை நீட்டி மடக்குதல், கதிரையில் இருந்து எழும்புதல், பொல்லைப் பிடித்து நாலு அடி வைத்தல் என்று சிறிது சிறிதாகப் பழக்கி, விழுந்த உடம்பை மீண்டும் நிமிர்த்தும் வைத்தியம் இது. மாதக் கணக்கில் பொறுமையோடு செய்தால்தான் பலன் தரும்.

இப்படிப் பழகிவரும் முதியவர் ஒருவர் முதலாம் வாரம் நன்றாக நடக்கின்றார். மூன்றாம் வாரம் எழும்பியதும் தள்ளாடுகின்றார். பகல் முழுவதும் தூங்கி வழிகின்றார். கால் உளைகிறது, தலை சுற்றுகிறது என்கின்றார். உடனே வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வார்கள். “வயது போய்விட்டது, இனி இவ்வளவுதான்” என்பார் ஒருவர். “சோம்பல், வேறொன்றுமில்லை” என்பார் இன்னொருவர். “பிசியோதான் ஆளை இன்னும் கெடுத்தது” என்று சொல்லிப் பயிற்சியை நிறுத்துவோரும் உண்டு. “குளிசை எல்லாம் சூடு” என்று குளிசைகளை ஒரேயடியாக நிறுத்துவோரும் உண்டு. இப்படித் தீர்ப்புச் சொல்லும்போது ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. இவர் விழுங்கும் குளிசைகளில் ஏதாவது இவரைத் தள்ளாட வைக்கிறதா?

இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்புவது இந்தக் கேள்வியைப் பற்றித்தான். பயிற்சியையும் விடாமல், குளிசையையும் தாமாக நிறுத்தாமல், உரியவரிடம் உரிய விதத்தில் இதைக் கேட்டால் பெரும்பாலும் ஒரு வழி பிறக்கும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஏன் இது முக்கியம்?

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குச் சற்று மேற்பட்டோர் அறுபது வயதைத் தாண்டியிருந்தார்கள். அந்தப் பங்கு அதன்பின் மேலும் கூடியிருக்கின்றது. முதுமை எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் இடம்பெயர்ந்த வீட்டின் முதுமைக்கு வேறு சுமைகளும் சேர்ந்திருக்கின்றன.

1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடற்கோள், 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைப் பக்கத்திலிருந்து வாழைச்சேனை நோக்கி மக்கள் வந்து சேர்ந்த நாட்கள் ஆகியவற்றை எமது மக்கள் மறக்கவில்லை. அப்படி ஓடும்போது காணி உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்து மடியில் கட்டிக்கொள்வோம். கிளினிக் கொப்பி யாருக்கும் நினைவில் வருவதில்லை. புதிய இடத்தில் புதிய வைத்தியர் புதிதாகக் குளிசை எழுதுகின்றார். பழைய குளிசையில் மிச்சம் இருந்தால் அதுவும் உள்ளே போகின்றது.

இன்னொன்றும் உண்டு. அன்றைய கூலியில் அன்றைய உலை கொதிக்கும் வீட்டில், படுக்கையில் கிடக்கும் ஒருவருக்காக வேலைக்குப் போக வேண்டிய ஒருவர் நின்றுவிட்டால் அந்த வீட்டின் சோறு குறைகின்றது. முதியவர் தானாக எழும்பி மலசலகூடத்துக்குப் போய்வருவது அவருடைய மானத்தைக் காப்பாற்றும். அதோடு வீட்டின் வருமானத்தையும் காப்பாற்றும்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்துகளால் நேரும் தீங்கைக் குறைப்பதற்கென்று ஓர் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. முதலில் கவனிக்க வேண்டியவை என்று அது சொன்னவை மூன்று. அபாயம் கூடிய நிலைமைகள், ஒருவரே பல மருந்துகளைப் பாவித்தல், நோயாளி ஓரிடத்துப் பராமரிப்பிலிருந்து இன்னோரிடத்துப் பராமரிப்புக்கு மாறுதல் என்பனவே அவை. எமது முதியோரில் பலருக்கு இந்த மூன்றும் ஒன்றாகப் பொருந்துகின்றன.

வயது போன உடம்பில் மருந்து எப்படி நடக்கின்றது?

விழுங்கும் குளிசை தன் வேலையை முடித்ததும் உடம்பை விட்டுப் போகவேண்டும். பெரும்பாலான மருந்துகளை ஈரல் உடைக்கின்றது, சிறுநீரகம் வெளியே தள்ளுகின்றது. வயது ஏற ஏற இவ்விரண்டின் வேகமும் குறைகின்றது. நாற்பது வயதுக்காரரின் உடம்பை விட்டு இரவுக்குள் நீங்கும் மருந்து, எண்பது வயதுக்காரரின் உடம்பில் அடுத்த நாளும் நிற்கக்கூடும். அதற்கு மேல் அடுத்த நாள் குளிசை விழுகின்றது. வடிகால் தூர்ந்துபோன வயலுக்கு நாள் தவறாமல் தண்ணீர் பாய்ச்சுவது போன்றது இது. பாயும் தண்ணீர் அதே அளவுதான். ஆனால் பயிர் மூழ்கிப்போகும்.

முதியவரின் உடம்பில் தசையும் நீரும் குறைந்து, கொழுப்பின் பங்கு கூடுகின்றது. கொழுப்பில் தங்கும் மருந்துகள் அங்கே நெடுநாள் கிடக்கின்றன. மூளையும் மயக்கம் தரும் மருந்துகளுக்கு இலகுவில் அடிபணிகின்றது. இவற்றை எண்ணித்தான் அமெரிக்க வைத்தியர் மார்க் பியர்ஸ் என்பவரும் அவரோடு சேர்ந்தோரும் 1991இல், முதியோர் இல்லங்களில் இருப்போருக்குக் கொடுக்கத் தகாத மருந்துகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். பின்னர் அது எல்லா முதியோருக்கும் பொருந்தும்படி விரிக்கப்பட்டது. 2023இலும் அதன் திருத்தம் ஒன்று வெளிவந்தது. இனி நாம் பார்க்கப்போகும் மருந்துகளில் சில அந்தப் பட்டியலில் உள்ளவை.

எழும்பியதும் தலைசுற்று: பிரசர் குளிசைகள்

நாம் படுக்கையில் இருந்து எழும்பும்போது இரத்தம் கால் பக்கமாக இறங்குகின்றது. உடனே இரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் சற்று வேகமாக அடித்து, தலைக்கு இரத்தத்தை ஏற்றுகின்றன. மேட்டு வயலுக்குத் தண்ணீர் ஏற்றுவதற்குக் கீழ் மடையை அடைப்பது போன்றது இது. முதுமையில் இந்த மடை மெதுவாகத்தான் மூடும். பிரசர் குளிசைகள் அதை மேலும் தாமதப்படுத்தலாம். சலத்தைப் போக்கும் புரூசமைட், ஹைட்ரோகுளோரோதயசைட் என்பவை உடம்பின் நீரைக் குறைக்கின்றன. பிரசோசின் இரத்தக் குழாய்களைத் தளர்த்துகின்றது. அதன் முதற் குளிசையோடே சிலர் மயங்கி விழுவதுண்டு. லொசார்ட்டன், நிபெடிபின், அம்லோடிபின் என்பவையும் எழும்பும்போது பிரசரை இறக்கலாம். பின்னிரண்டும் கணுக்காலை வீங்கவும் வைக்கும். காலில் பாரம் என்று முதியவர் சொன்னால் அந்த வீக்கத்தையும் பார்க்க வேண்டும்.

எழும்பி நின்று மூன்று நிமிடத்துக்குள் மேல் பிரசர் 20 அல்லது கீழ் பிரசர் 10 இறங்கினால் அது கவனிக்க வேண்டிய இறக்கம் என்பது வைத்திய உலகின் கணக்கு. கதிரையில் இருத்தி மட்டும் பிரசர் பார்த்தால் இது தெரியவராது. ஆகவே கிளினிக்கில், “எழும்பினால் தலை சுற்றுகிறது, நிற்க வைத்தும் ஒருமுறை பிரசர் பாருங்கள்” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. படுக்கையில் கிடந்தபடியே பாதத்தைப் பத்துப் பன்னிரண்டு முறை மேலும் கீழும் அசைக்கட்டும். பிறகு கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் இருக்கட்டும். அதன்பின் பிடித்துக்கொண்டு எழும்பி, சற்று நின்று, பிறகுதான் முதலடி வைக்க வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயும், வெயிலில் நெடுநேரம் நின்ற பின்னரும் பயிற்சி வேண்டாம். கச்சான் காற்று வீசும் கோடை மாதங்களில் உடம்பு வற்றிப்போகும். இதய வருத்தத்துக்கென்று தண்ணீரைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லியிராவிட்டால், அந்நாட்களில் அடிக்கடி தண்ணீர் குடிக்கக் கொடுங்கள்.

அட்டினலோல் போன்ற குளிசைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவை இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கின்றன. ஆகவே நாடி பிடித்துப் பார்த்துக் களைப்பை அளக்க முடியாது. பயிற்சி செய்யும்போது முதியவர் தடையின்றிக் கதைக்க முடிகிறதா என்று பாருங்கள். வசனத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் அன்றைக்கு அவ்வளவு போதும்.

வெறுவயிறும் சீனி வருத்தக் குளிசையும்

நடையும் பயிற்சியும் இரத்தத்தில் உள்ள சீனியைச் செலவழிக்கின்றன. அது நல்லதுதான். ஆனால் இன்சுலின் போடுபவருக்கும், கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட், டொல்பியூட்டமைட் ஆகியவற்றில் ஒன்றைப் பாவிப்பவருக்கும், சாப்பாடு பிந்தினால் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். இவற்றில் கிளிபென்கிளமைட் நெடுநேரம் உடம்பில் நின்று வேலை செய்வதால் முதியோருக்குக் கூடிய ஆபத்து. மெட்போமினை மட்டும் பாவிப்பவருக்கு இந்த ஆபத்துக் குறைவு.

எமது பகுதியில் இது நடக்கக்கூடிய விதத்தைப் பாருங்கள். இரத்தப் பரிசோதனைக்கென்று விடியற்காலையில் வெறுவயிற்றோடு வெளிக்கிடுகின்றார். வழக்கத்தில் ஊறியபடி காலைக் குளிசையையும் விழுங்கிவிடுகின்றார். பஸ்ஸில் இடிபட்டுப் போய், வாங்கில் மணிக்கணக்காக இருந்து, இரத்தம் கொடுத்து, பிசியோவையும் முடித்துக்கொண்டு போகலாம் என்று அங்கே போகின்றார். அங்கே நடக்கும்போது வியர்த்துக் கொட்டுகின்றது, கை நடுங்குகின்றது, பேச்சுக் குழறுகின்றது. பாரிசவாதம் வந்தவர் என்பதால், மறுபடியும் அதுதான் வந்துவிட்டது என்று எல்லோரும் பதறுகின்றார்கள்.

ஆகவே வெறுவயிற்றுப் பரிசோதனை உள்ள நாளில் அன்றைய காலைக் குளிசையை, அல்லது ஊசியை, எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டு வையுங்கள். சாப்பாட்டுப் பொதியைக் கையோடு கொண்டுபோங்கள். இரத்தம் கொடுத்து, சாப்பிட்டு முடிந்த பின்னரே பயிற்சிக்குப் போகவேண்டும். சீனி சிறிதளவு எப்போதும் மடியில் இருக்கட்டும். நடுக்கமோ வியர்வையோ தடுமாற்றமோ கண்டால் மூன்று தேநீர்க் கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொருமுறை கொடுங்கள். தெளிந்ததும் சாப்பிடச் செய்யுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழையுங்கள்.

அட்டினலோல் போன்றவற்றைச் சேர்த்துப் பாவிப்பவருக்குச் சீனி இறங்கும்போது நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் தெரியக்கூடும். அவர்களில் வியர்வையையே எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். பாகற்காய்ச் சாறும் சீனியை இறக்கக்கூடியது. குளிசையோடு அதையும் நாள்தோறும் குடிப்பவர் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

நோவுக்கு விழுங்கும் குளிசைகள்

பயிற்சி என்றால் ஆரம்பத்தில் நோ இருக்கும். நோவைத் தாங்க முடியாமல்தான் பலர் பயிற்சியைக் கைவிடுகின்றார்கள். ஆகவே நோக் குளிசை தேவைதான். பயிற்சிக்கு அரை மணி அல்லது ஒரு மணி நேரத்துக்கு முன் பரசிட்டமோல் எடுத்தால் பயிற்சி இலகுவாகும். 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. மெலிந்தவர்களும், ஈரல் வருத்தம் உள்ளவர்களும், குடிப்பழக்கம் உள்ளவர்களும் அதைவிடக் குறைவாகவே எடுக்க வேண்டும். எவ்வளவு என்று வைத்தியரைக் கேளுங்கள்.

டைக்ளோபெனாக், இபுப்ரோபன் போன்றவை வேறு வகை. நோவை விரைவில் அடக்குவதால் பாமசியில் இவற்றைக் கேட்டு வாங்குவோர் பலர். முதியவருக்கு இவை இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கலாம். பிரசரை ஏற்றலாம், காலை வீங்க வைக்கலாம், சிறுநீரகத்தைப் பழுதாக்கலாம். லொசார்ட்டன் அல்லது எனலப்ரில், சலம் போக்கும் குளிசை, இந்த நோக் குளிசை ஆகிய மூன்றும் ஒருவரின் உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்க அடி. வயிற்றோட்டம் பிடித்து உடம்பு வற்றியிருக்கும் நாளில் அந்த அடி இன்னும் பலமாக விழும்.

சிறுநீரகம் என்றதும் எமது அயல் மாவட்டத்தை நினைக்காமல் இருக்க முடியாது. வாழைச்சேனையில் இருந்து புணானை வழியாகப் போனால் அடுத்தது பொலன்னறுவை. அங்கும் அநுராதபுரத்திலும் 1990கள் தொட்டு, காரணம் முழுதாகத் தெளிவாகாத சிறுநீரக வருத்தம் ஒன்று பெரும்பாலும் வயலில் உழைப்பவர்களைத் தாக்கி வருகின்றது. உலர் வலயத்து வெயிலில் உழைத்து முதுமை அடைந்தவரின் சிறுநீரகத்துக்குத் தேவையில்லாத சுமையை நாமாக ஏற்றக்கூடாது. பூசும் மருந்து, ஒத்தடம், பரசிட்டமோல் ஆகியவற்றைக் கொண்டு சமாளிக்கலாமா என்று முதலில் கேளுங்கள். நோவை முழுதாக மறைத்துவிட்டு அளவுக்கு மீறிப் பயிற்சி செய்வதும் மூட்டுக்குக் கேடு.

மயக்கம் தருபவை

நித்திரைக்கென்று கொடுக்கும் டயசிபாம் முதியவரின் உடம்பில் நாட்கணக்கில் தங்கும். இரவில் விழுங்கியதன் மயக்கம் மறுநாள் பகல் பயிற்சியிலும் இருக்கும். பாரிசவாதத்துக்குப் பின் இறுகிப்போன கைகாலைத் தளர்த்தக் கொடுக்கும் பக்லோபன், நரம்பு நோவுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், கபாபென்டின் ஆகியவையும் தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரலாம். தடிமனுக்கும் சொறிக்கும் சாதாரணமாக விழுங்கும் குளோர்பெனிரமைன் என்ற சிறிய குளிசையை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. முதியவருக்கு அது வாயை வறளச் செய்து, சலத்தைத் தடுத்து, மனத்தையும் குழப்பக்கூடியது. நேற்றுவரை தெளிவாகக் கதைத்தவர் இன்று ஆள் மாறிக் கதைத்தால், கண்ணூறு, பேய்க் குணம் என்று தேட முதல், கடந்த இரண்டு வாரத்துக்குள் புதிதாக என்ன குளிசை தொடங்கினார் என்று தேடுங்கள்.

இந்த வகைக் குளிசைகளைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. நெடுநாள் பாவித்த டயசிபாமையோ பக்லோபனையோ ஒரே நாளில் விட்டால் வலிப்பும் வரலாம். குறைப்பதென்றால் வைத்தியர் சொல்லும் விதத்தில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

தசை, எலும்பு, இரத்தம்

முட்டுக்கும் மூட்டு வருத்தத்துக்கும் கொடுக்கும் பிரெட்னிசலோனை நெடுநாள் பாவித்தால் தொடைத் தசை மெலியும், எலும்பு நலியும், சீனி ஏறும். எவ்வளவு பழக்கியும் கதிரையில் இருந்து எழும்பத் தொடையில் பலம் வரவில்லை என்றால் இதையும் நினைக்க வேண்டும். இந்தக் குளிசையையும் திடீரென நிறுத்தக்கூடாது. உடம்பு அதையே நம்பிப் பழகியிருக்கும்.

கொலஸ்ட்ரோலுக்குக் கொடுக்கும் அட்டோவஸ்டட்டின் போன்றவை சிலருக்குத் தசை நோவைத் தரும். பயிற்சி நோ என்பது பழக்கிய இடத்தில் வந்து இரண்டு மூன்று நாளில் தணியும். பயிற்சி செய்யாத பக்கத்திலும் சேர்ந்து, இரு தொடையும் இரு தோளும் ஒன்றாக நொந்து, நாள் போகப்போகக் கூடினால் வைத்தியரிடம் சொல்லுங்கள். சலம் தேநீர்ச் சாயம் போலப் போனால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

அஸ்பிரின், குளோபிடோகிரல், வோபரின் ஆகியவை இரத்தம் உறையாமல் பார்ப்பவை. பாரிசவாதம் மீண்டும் வராமல் காப்பதற்காகப் பலருக்கு இவை கொடுக்கப்படுகின்றன. இவற்றை விடவே கூடாது. ஆனால் இவற்றைப் பாவிப்பவரின் கைகாலை எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் உள்ளே இரத்தம் கண்டிப்போகும். மெதுவாகத் தடவுவதோடு நிறுத்துங்கள். இவர்கள் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரே மருந்துக்கு இரண்டு பெயர்

வயலுக்கு அடிக்கும் மருந்தில் நாம் இதைக் கண்டிருக்கிறோம். கடையில் மூன்று போத்தல், மூன்று பெயர், மூன்று விலை. உள்ளே இருப்பது ஒரே மருந்து. குளிசையும் அப்படித்தான். பனடோல் என்பது வியாபாரப் பெயர், பரசிட்டமோல் உள்ளே இருக்கும் மருந்தின் பெயர். வோல்டரன் வியாபாரப் பெயர், உள்ளே இருப்பது டைக்ளோபெனாக். தடிமன் காய்ச்சலுக்கென்று விற்கும் பல கூட்டுக் குளிசைகளிலும் பரசிட்டமோல் இருக்கின்றது. பெயர் வேறு என்று இரண்டையும் விழுங்கினால் அளவு இரட்டிப்பாகின்றது.

மருந்தை அதன் சொந்தப் பெயராலேயே அழைக்க வேண்டும் என்று எமது நாட்டில் பாடுபட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவாக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவரே. தேவையான மருந்துகளை மட்டும், வியாபாரப் பெயரின்றி, குறைந்த விலையில் மக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற அவருடைய கொள்கை வேறு நாடுகளுக்கும் முன்மாதிரியானது. 2015இல் நிறைவேற்றப்பட்ட தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தின் பின்னாலும் அந்தப் பழைய போராட்டம் இருக்கின்றது.

2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்தபோது வைத்தியசாலைகளில் மருந்து இல்லாமல் பலர் வெளியே வாங்க நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் வேறு நிறம், வேறு வடிவம். முதியவர் நிறத்தை வைத்தே குளிசையை அடையாளம் காண்கின்றார். நிறம் மாறினால் புது மருந்து என்று எண்ணிப் பழையதையும் சேர்த்து விழுங்கிவிடக்கூடும். ஆகவே உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைத் தமிழில் எழுதித் தரும்படி மருந்து தருபவரிடம் கேட்டுப் பழகுவோம்.

வீட்டார் செய்ய வேண்டியவை

குளிசை எழுதும் வைத்தியர் முதியவர் நடப்பதைப் பார்ப்பதற்கு நேரம் கிடைப்பது அரிது. நடக்கப் பழக்கும் இயன்மருத்துவருக்கு அவர் விழுங்கும் குளிசைகள் முழுவதும் தெரிவதில்லை. ஓட்டமாவடிப் பாலம் இரு கரையையும் இணைப்பது போல இவ்விருவரையும் இணைக்க வேண்டியவர்கள் வீட்டார்தான்.

1. வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போடுங்கள். கிளினிக் குளிசை, தனியார் வைத்தியர் தந்தது, பாமசியில் வாங்கியது, நாட்டு வைத்தியரின் கசாயமும் சூரணமும், பக்கத்து வீட்டில் வாங்கியது என ஒன்றும் விடுபடக்கூடாது. அந்தப் பையைக் கிளினிக்குக்கும் பிசியோவுக்கும் கொண்டுபோங்கள்.

2. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மருந்தின் பெயர், எதற்கு, எத்தனை, எந்த நேரம், எப்போது தொடங்கியது என்ற ஐந்தும் போதும். அதை அடையாள அட்டையோடு வையுங்கள். வெள்ளம் வந்தாலும் வேறெது வந்தாலும் அதுவும் கையோடு வரவேண்டும்.

3. தலைசுற்று, விழுதல், தூக்கம், குழப்பம் எந்த நேரத்தில் வந்தது, அதற்கு முன் எதை விழுங்கினார் என்று குறித்து வையுங்கள். வைத்தியருக்கு இந்தக் குறிப்பு மிகவும் உதவும்.

4. வைத்தியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் குளிசை இன்னும் தேவையா? அளவைக் குறைக்கலாமா? நேரத்தை மாற்றலாமா? சில வேளைகளில் நேரத்தை மாற்றியதாலேயே பகல் பயிற்சி சீராகிவிடும்.

5. இன்னொருவரின் குளிசையைக் கொடுக்க வேண்டாம். “எனக்குச் சுகமானது” என்று சொல்வார்கள். அவருடைய சிறுநீரகம் வேறு, இவருடைய சிறுநீரகம் வேறு.

6. தாமாக எந்தக் குளிசையையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

தார் போல் கறுத்த மலம், இரத்தம் கலந்த சத்தி, நெஞ்சு நோ, திடீரென முகம் கோணுதல் அல்லது பேச்சுக் குழறுதல், எழுப்ப முடியாத தூக்கம், சலம் போகாமல் அடைபடுதல், முகமும் நாக்கும் வீங்கி மூச்சு முட்டுதல், விழுந்து தலையில் அடிபடுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த கிளினிக் நாளைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கோ உங்களுக்கு அண்மையில் உள்ள வைத்தியசாலைக்கோ உடனே கொண்டுபோங்கள்.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் குளிசையைக் கண்டு பயந்தால் எமது நோக்கம் பிழைத்துவிடும். பிரசர் குளிசையும் சீனி வருத்தக் குளிசையும் எமது முதியோரில் எத்தனையோ பேரை எம்மோடு வைத்திருக்கின்றன. ஒவ்வொரு மருந்துக்கும் நன்மையும் உண்டு, விலையும் உண்டு. அந்த விலையை வயதுபோன உடம்பு கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கின்றது. கூடுதலாகக் கொடுக்கும்போது அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் தள்ளாடுவதை முதலில் காண்பவர்கள் வீட்டார்தான். ஆகவே “வயது போய்விட்டது” என்று சொல்வதற்கு முன், அந்த மருந்துப் பையை ஒருமுறை தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.